எழுத்தழிந்த பவர் பேங்க்

இந்த ஊரில் கடைக்காரர் எதையும் எரியவைத்துக் காட்டுவதில்லை. ஜெர்மனியின் வடக்கு ஓரத்தில், பிரேமர்ஹாஃபன் என்கிற துறைமுக ஊரில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். உறைமீன் ஆலையில் பெட்டி கட்டும் வேலை. இவர்களுடைய பாஷையை வகுப்பில் உட்கார்ந்து படிக்கவில்லை, கூட வேலை செய்யும் பெண்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே பிடித்துக்கொண்டேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஒரு பல்பு வாங்கினால், பணத்தைக் கொடுத்துவிட்டுக் கல்லாவுக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிடுகிறேன். தூத்துக்குடியில் அதுதானே வழக்கம்? கடை அண்ணாச்சி பல்பை அட்டையிலிருந்து உருவுவார், பலகையில் அறைந்திருக்கும் ஹோல்டரில் மாட்டுவார், சுவிட்சைத் தட்டுவார். எரிந்ததும் "பாத்துக்கிட்டியளா?" என்பார். நாம் தலையாட்டினால் வியாபாரம் முடிந்தது. அதற்குப் பிறகு கடைப்படி இறங்கிவிட்டால் பல்பு நம் பாடு.

இந்தச் சித்திரைப் பிறப்பில் ஒரு பவர் பேங்க் வாங்கப் போனேன். பெட்டியைப் பிரித்து, ஒரு போனைச் செருகி, சார்ஜ் ஏறுவதைக் காட்டச் சொன்னேன். விற்பவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன், இது கெட்டுப்போயிருக்கிறதா?" என்று கேட்டார். "தெரியாது, அதனால்தான் கேட்கிறேன்" என்றேன். "கெட்டுப்போயிருந்தால் பதினான்கு நாளுக்குள் கொண்டுவாருங்கள். காஸன்போன் இருந்தால் போதும்." காஸன்போன் என்றால் பில். "எனக்கு அது இப்போதே தெரிய வேண்டும்" என்றேன். அவரை நான் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார் போல. முகம் சிவந்து, மேலாளர் இருக்கும் பக்கம் கையைக் காட்டினார். நான் சாமானையும் பில்லையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஒரு சாமானைச் சோதித்துப் பார்ப்பது எங்கள் ஊரில் மரியாதை, இங்கே அவமரியாதை என்று வழியெல்லாம் இவரிடம், அதாவது என் வீட்டுக்காரரிடம், சொல்லிக்கொண்டு வந்தேன்.

அந்தப் பவர் பேங்க் எனக்கு இல்லை, அக்காவுக்கு. முப்பத்தெட்டு வயதில் எனக்கு முதல் பிள்ளை. அம்மா இல்லை. என்னை வளர்த்து, படிக்க வைத்து, நகை போட்டு அனுப்பியது எல்லாமே என் அக்கா ஜெயக்கொடிதான். பேறுகாலத்துக்கு அவள் வந்தால்தான் எனக்குத் தைரியம். ஆனால் நாள் விழுந்தது தடைக்காலத்தில். விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாத அந்த இரண்டு மாதமும் படகுகளைக் கரையேற்றி மராமத்துப் பார்ப்பார்கள், பெயிண்ட் அடிப்பார்கள். அத்தானுக்கு மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் பெயிண்ட் கடை. வருடம் முழுவதும் ஈ ஓட்டினாலும் தடைக்காலத்தில் மட்டும் அவருக்குச் சாப்பிட நேரம் இருக்காது. ஆகவே அவர் கூட வர முடியாது. அக்கா தனியாக வர வேண்டும். தூத்துக்குடியில் விமானம் ஏறி, சென்னையில் மாறி, வளைகுடாவில் ஓர் ஊரில் மறுபடி மாறி, ஹாம்பர்க்கில் இறங்க வேண்டும். திருச்செந்தூர் தாண்டித் தனியாகப் போகாதவள். தமிழைத் தவிர வேறு பாஷை கிடையாது.

அதனால் வழியை முழுக்க அவளுடைய போனுக்குள் ஏற்றிவைத்தேன். இறங்கியதும் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்தப் பலகையில் என்ன படம் இருக்கும், யாராவது கேட்டால் எந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டும் என்று பதினான்கு குரல்பதிவுகள், வரிசையாக எண் போட்டு. டிக்கெட்டும் போனில், என் முகவரியும் போனில், அவள் பேசினால் ஆங்கிலமாக்கும் செயலியும் போனில். போனோ பழசு. காலையில் நூறு என்று காட்டினால் மத்தியானத்துக்குள் பாதியாகிவிடும். வழியில் அது அணைந்தால் அக்காவுக்கு வாயும் கண்ணும் போன மாதிரி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் இங்கே உட்கார்ந்திருக்க, அவள் தெரியாத ஊரில் ஒரு நாற்காலியில் விழித்துக்கொண்டிருப்பது போல நினைப்பு வரும்.

வெளியே கிடக்கிற நம் ஆட்கள் பலர் வீட்டாரை இப்படித்தான் வரவழைக்கிறார்கள் என்பதால், நான் தெரிந்துகொண்டதைச் சொல்லிவைக்கிறேன். பவர் பேங்கின் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் இருபதாயிரம், முப்பதாயிரம் என்ற எண்ணை விமானக்காரர்கள் பார்ப்பதில்லை. அவர்களுக்கு வேண்டியது வாட்-அவர். பெரிய எண்ணை மூன்று புள்ளி ஏழால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் அது வரும். இருபதாயிரத்துக்கு எழுபத்து நான்கு. நூறுக்குள் இருந்தால் பொதுவாகத் தொல்லையில்லை. உள்ளே அனுப்பும் பெட்டியில் வைக்கவே கூடாது, கைப்பையில்தான். சில விமானங்களில் பறக்கும்போது அதில் போனைச் செருகவும் விடமாட்டார்கள், ஆகவே விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும்போதே ஏற்றிக்கொள்ள வேண்டும். கணக்கில் எப்போதும் பின்வாங்குகிற நான் இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன்.

வாங்கியதைத் தபாலில் அனுப்பப் போனேன். வெளிநாட்டுச் சாமான் என்றால் உறுதியாக இருக்கும் என்ற நினைப்பு, வெளிநாட்டிலேயே இருக்கும் எனக்கும் போகவில்லை பாருங்கள். தபால் அலுவலகத்தில் இருந்தவர் உள்ளே என்ன என்று கேட்டார். சொன்னேன். "முடியாது" என்றார். பழையது என்று நினைக்கிறாரோ என்று, "புதியது. நன்றாக வேலை செய்கிறது, நானே பார்த்தேன்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "வேலை செய்கிறது. அதுதான் பிரச்சினை." மின்சாரம் உள்ள பேட்டரியைத் தனியாக வெளிநாட்டுத் தபாலில் அனுப்ப முடியாதாம். திரும்பக் கடைக்குப் போனேன். அதே விற்பனையாளர், காஸன்போனைப் பார்த்தார், பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்கு என்னவோ போலிருந்தது. ஊரில் ஒரு சாமானைத் திருப்பிக் கொடுக்கப் போனால் அரை மணி நேரம் பேச வேண்டும், அந்த அரை மணியில் அவர்கள் வீட்டுக் கல்யாணம் வரைக்கும் தெரிந்துவிடும்.

ஆகவே தூத்துக்குடியிலேயே வாங்குவதென்று முடிவாயிற்று. அத்தான் ஒரு நாள் காலையில் கடையைச் சாத்திவிட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு பஜாருக்குப் போனார். நான் வீடியோவில் இருந்தேன். கடைக்குள் நுழைந்ததும் அத்தான் கண் பட்டது ஒரு செங்கல் அளவுக்கு இருந்த ஐம்பதாயிரத்தின் மேல்.

"ஏளா சுதா, இதப் பாரு. இத வாங்கிட்டா ஒங்க அக்கா ஒலகத்தையே சுத்தி வரலாம்."

"அத்தான், அது நூறைத் தாண்டிரும். விமானத்துல விடமாட்டாங்க."

"பெட்டிக்குள்ள சேலைக்கு நடுவுல வச்சு அனுப்பிட்டா எவனுக்குத் தெரியும்?"

"அது அதவிட மோசம். தீப்பிடிச்சிரும்னுதான் பெட்டிக்குள்ள வைக்கப்பிடாதுங்காங்க."

"தீப்பிடிக்கிற சாமானப் பக்கத்துல வச்சுக்கிடணும், தள்ளி வைக்கப்பிடாது. நல்லா இருக்குளா ஒங்க சட்டம்" என்றார் அத்தான். பக்கத்தில் இருந்தால்தானே புகை வந்தால் அணைக்க முடியும் என்று நான் விளக்கப் போக, அக்கா போனைப் பிடுங்கி, "அவுகள விடு, எனக்கு எது வேணுமோ அதச் சொல்லு" என்றாள்.

இருபதாயிரத்தை எடுத்தோம். கடை அண்ணாச்சி பிரித்தார், அக்காவின் போனைச் செருகினார், மின்னல் குறி வந்தது. "பாத்துக்கிட்டியளா?" என்றார். ஏழாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கத்திலிருந்து நானும் சேர்ந்து தலையாட்டினேன். பின்பக்கத்தைக் கேமராவுக்கு நேரே காட்டச் சொன்னேன். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் பொடி எழுத்தில் எழுபத்து நான்கு வாட்-அவர் என்று தெளிவாக அச்சடித்திருந்தது. எனக்கு அன்று நெஞ்சில் இருந்த கல் இறங்கியது.

ஆனாலும் எனக்குச் சோதனை தீரவில்லை. தினமும் போனை இருபதுக்கு இறக்கி, பவர் பேங்கில் நூறுக்கு ஏற்றி, எத்தனை தடவை ஏறுகிறது என்று குறித்துவைக்கச் சொன்னேன். பெயிண்ட் கடைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அக்கா கோடு போட்டாள். அத்தானுக்கு இந்தக் கணக்குப் பிடித்துப்போய், நாலாம் நாள் கோபமாகக் கடைக்குப் போய்விட்டார். அங்கே நடந்ததை அவர் சொல்லக் கேட்டேன்.

"அண்ணாச்சி, இருபதாயிரம்னு போட்டிருக்கிய. எம் பொண்டாட்டி போனு அய்யாயிரம். முழுசா நாலு தடவ ஏறணும்லா? மூணு தடவைக்கே மூச்சு வாங்குது. மிச்சம் எங்க போச்சு?"

"நீங்க பெயிண்டுதான விக்கிய? டப்பாவுல ஒரு லிட்டருக்கு இத்தன சதுர அடின்னு போட்டிருப்பாம்லா. அடிச்சுப் பாத்தா அத்தன அடி வருதா?"

"அதெப்படி வரும்? மரம் குடிச்சிரும்லா."

"இதுல சூடு குடிச்சிரும். ஏறும்போது தொட்டுப் பாருங்க."

அத்தான் அங்கேயே ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிட்டார். "தொழில் தெரிஞ்சவன் பேசுனா நமக்கு வாயடைச்சிருது" என்று என்னிடம் பெருமையாகவே சொன்னார். எழுதியிருக்கும் அளவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை வழியில் விட்டுவிட்டுத்தான் எந்தப் பவர் பேங்கும் வேலை செய்யும் என்று பிறகு நானும் படித்தேன். அவர் சொன்ன மரம் குடிக்கும் கணக்குதான் எனக்கு ஞாபகத்தில் நிற்கிறது.

இனி நான் செய்த தப்புக்கு வருகிறேன். அக்கா கிளம்புவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை. எங்கள் வீடுகளில் புதுச் சாமான் எது வந்தாலும் சாமி படத்துக்கு முன்னால் வைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பது உண்டு. மிக்ஸிக்கும் வைப்போம், மோட்டார் சைக்கிளுக்கும் வைப்போம். தன்னைக் கொண்டுவந்து சேர்க்கப்போகிற சாமானுக்கு அக்கா வைக்காமல் இருப்பாளா? எந்தப் பக்கம் முகம் என்று யோசித்திருக்கிறாள். எழுத்து இருக்கிற பக்கம்தானே முகம்? அங்கே அழுத்தமாக மூன்று பொட்டு வைத்தாள். இரண்டு நாளில் சந்தனம் காய்ந்து உதிர, குங்குமம் மட்டும் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஊறிச் சிவப்பாக நின்றது. வெளிநாட்டுக்காரன் பார்த்து என்னவோ ஏதோவென்று நினைப்பானே என்று அத்தானுக்குக் கவலை. பெயிண்ட் கடைக்காரர் கையில் கறைக்கு என்ன இருக்கும்? தின்னரில் பஞ்சை நனைத்துத் துடைத்தார். கறை போனது. கூடவே எழுத்தும் போனது. அவர்கள் இருவருக்கும் அது ஒரு விஷயமாகவே படவில்லை. மறுநாள் வீடியோவில் அக்கா அதைத் தூக்கிக் காட்டினாள். "பளிச்சுன்னு இருக்கே" என்று நானே சொன்னேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெள்ளையாக இருந்ததை நான் பார்க்கத்தான் செய்தேன். பின்பக்கம் எது என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

கிளம்பிய நாள் எங்கள் ஊர் விமான நிலையத்தில் சோதனை மேசையில் அக்காவின் பையை நிறுத்திவிட்டார்கள். அக்கா எனக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அதிகாரி தன்மையாகத்தான் பேசினார்.

"அம்மா, இதுல எத்தன வாட்-அவர்னு எழுதியிருக்கணும். எழுத்தே இல்லையே?"

"நேத்து முந்தா நாளு வரைக்கும் இருந்துச்சுய்யா."

"இப்ப எங்கம்மா?"

"எங்க வீட்டுக்காரவுக தொடச்சிட்டாவ."

நான் குறுக்கே புகுந்து, "சார், எழுபத்து நாலு. நான் பார்த்திருக்கேன், எங்கிட்ட எழுதிக்கூட வச்சிருக்கேன்" என்றேன்.

"நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும்மா. ஆனா அத அது சொல்லணும்லா" என்றார் அவர். பெட்டியெல்லாம் உள்ளே போயாகிவிட்டது. எழுத்து இருக்கும் அட்டைப்பெட்டி வீட்டில் அலமாரி மேல் இருந்தது. அங்கே நின்ற ஊழியப் பெண் ஒருத்தி, "குப்பையில போடுறதுக்குப் பதிலா, வெளிய ஆளு நின்னா குடுத்துட்டு வாரேம்மா" என்று வாங்கிக்கொண்டு போனாள். அத்தான் வாசலில்தான் நின்றார். பவர் பேங்க் அவரிடம் போய்ச் சேர்ந்தது. அப்போதுதான் நான் கேட்டேன், சார்ஜர் எந்தப் பையில் இருக்கிறது என்று.

"சார்ஜரு எதுக்கு? வீட்டுல இருந்தது ஒண்ணு. ஒங்க அத்தானுக்கு வேணும்லான்னு வச்சிட்டு வந்துட்டேன். அதான் இது இருக்கேன்னு…"

பிறகு அக்காவே சொன்னாள். "எம்பத்திரெண்டு இருக்குளா. நான் அணைச்சு வச்சுக்கிடுதேன். ரொம்பத் தேவன்னா போடுதேன். நீ போட்டுப் போட்டுப் பாக்காத, ஒனக்குக் கிடைக்காது. நேரத்துக்குச் சாப்பிடு."

சென்னையிலிருந்து ஒரே ஒரு முறை, ஒரு நிமிடம் பேசினாள். அதோடு போன் அணைந்தது. பன்னிரண்டு வருடத்தில் அக்காவும் நானும் ஒரு நாள்கூடப் பேசாமல் இருந்ததில்லை. அந்த முதல் தடவை, அவள் என்னை நோக்கி வந்துகொண்டிருக்கும்போதே நேர்ந்தது. அத்தான் ஒரு மணிக்கு ஒரு தரம் கூப்பிட்டார். "அங்கன எதுவும் தகவல் உண்டா?" என்பார். "இல்ல அத்தான், அங்கன?" என்பேன். இரண்டு கரையிலும் ஆள் நின்று, நடுவில் போன படகைக் கண்ணுக்கு மேல் கை வைத்துத் தேடுகிற மாதிரி. என் நோட்டைத் திறந்து பார்த்தேன். பெருக்கல், வகுத்தல், விதி, எல்லாம் சரியாக இருந்தது. எழுத்தை அழியாமல் பார்த்துக்கொள் என்று ஒரு வரி இல்லை.

மறுநாள் மதியம் ஹாம்பர்க்கில் ஒரு மணி நேரம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம். இவர் நாற்காலி தேடிக் கொண்டுவந்து போட்டார், நான் உட்காரவில்லை. கூட்டம் வடிந்து கதவு திறப்பதே நின்ற பிறகு, கடைசியாக ஒரு தள்ளுவண்டி வந்தது. பின்னால் அக்கா. சேலைக்கு மேலே அத்தானுடைய ஸ்வெட்டர். என்னைப் பார்த்ததும் முதலில் வயிற்றைத் தொட்டாள், பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். "என்னளா, கண்ணு ரெண்டும் உள்ள போயிருக்கு?" என்றாள்.

வண்டியில் வரும்போது கேட்டேன், நடுவில் எப்படிச் சமாளித்தாய் என்று. போனை அந்த வளைகுடா ஊரில் ஒரு தரம் போட்டாளாம். என் குரல்பதிவில் மூன்றாவதைக் கேட்டாளாம். "நீ பேசுனதக் கேட்டப்பொறவுதான் எனக்குப் பயமே வந்துச்சு. அங்க திரும்பாத, இங்க நிக்காத, அவன நம்பாதன்னு. அணைச்சுப் போட்டுட்டேன். சட்டை போட்ட ஆளு யாரப் பாத்தாலும் சீட்ட நீட்டுனேன், கைய காட்டுனாவ, போனேன்." சட்டை என்று அவள் சொன்னது சீருடையை, சீட்டு என்றது விமான நிலையத்தில் கொடுத்த போர்டிங் பாஸை. போனைப் போட்டுப் பார்த்தோம். அறுபத்தாறு இருந்தது. நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை, இவர் வண்டியை ஓரம் கட்டினார்.

போன் உயிர் பெற்றதும் அதில் அத்தானின் அழைப்பு வந்துவிட்டது. சுகமா வந்தியா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அடுத்த கேள்வி: "பவர் பேங்க் இங்கன இருக்கு. அதோட ஒயரு எங்க?"

அக்கா கைப்பையைத் துழாவினாள். அடியில் இருந்தது, பவர் பேங்கோடு வந்த சின்ன வெள்ளை ஒயர். அதை எடுத்து விரலில் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏங்கிட்டல்லா இருக்கு" என்றாள்.

இது நடந்து இரண்டு வாரம் ஆகிறது. பிள்ளை இன்னும் வரவில்லை, நாள் இருக்கிறது. அக்கா என் அடுக்களையைத் தன்வசமாக்கிவிட்டாள். மேல்வீட்டு ஜெர்மன் அம்மாளிடம் தமிழிலேயே பேசி வேலை நடத்துகிறாள். திரும்பிப் போக இன்னும் இரண்டரை மாதம் கிடக்கிறது. தினமும் காலையில் பத்து மணிக்கு, ஊரில் ஒன்றரை மணிக்கு, அத்தான் கடையில் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கும் நேரத்தில் அவருடன் பேசுகிறாள். இங்கே பிளக் துளை சுவரில் தரையை ஒட்டி இருக்கிறது. என்னுடைய சார்ஜரைச் செருகி, அதில் அந்தச் சின்ன ஒயரை மாட்டுகிறாள். ஒயர் ஒரு சாண்தான். அதனால் சோபாவை விட்டுவிட்டுச் சுவரோரம் தரையில் உட்கார்ந்து, போனுக்காகத் தலையைச் சாய்த்துக்கொண்டு பேசுகிறாள்.

நேற்று பார்க்கப் பொறுக்காமல் இழுப்பறையைத் திறந்து என்னுடைய ஒயரை எடுத்தேன். இரண்டு மீட்டர். இந்த ஊருக்கு வந்த புதிதில் வாங்கியது, அதைச் செருகிக்கொண்டு அடுக்களை வரைக்கும் நடக்கலாம், பால்கனிக் கதவைத் திறந்து கப்பல் பார்க்கலாம். "அக்கா, இதப் போட்டுக்கோ. இஷ்டத்துக்கு நடமாடிக்கிட்டே பேசலாம்" என்றேன்.

அக்கா போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். "வேண்டாம்ளா. நீளமா இருந்தா இங்கனயே நடமாடிப் பழகிரும்" என்றாள்.

நான் இரண்டு மீட்டர் ஒயரைச் சுருட்டிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். கீழே அக்கா மறுபடி சுவர்ப்பக்கம் குனிந்து, இன்றைக்கு எந்தப் படகுக்கு என்ன நிறம் வாங்கிப் போனார்கள் என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தாள்.